அப்பாவின் காதில் சொன்ன கல்யாணம்

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருஷத்தில் நான் வேறொரு கல்யாணத்தைத் தேடிக்கொண்டு அலைந்தேன். அது என் கொள்ளுத்தாத்தா காலத்துக் கல்யாணம். நடந்ததா, நடக்கவே இல்லையா என்று உயிரோடிருந்த யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நடந்திருந்தால் எனக்குப் பிடித்தவரை நான் கட்டிக்கொள்ளலாம். நடக்கவில்லை என்றால் அவர் எனக்கு அண்ணன் முறை. என் வாழ்க்கை அப்படி ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஐம்பதுகளின் நடுவில், பாகலூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. இப்போது அங்கே போனால் கம்பெனிகளின் தகரக் கூரைகள்தான் தெரியும். அன்று கேழ்வரகு, அவரை, கொஞ்சம் கொள்ளு. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவுக்குக் காது கேட்காது. இளம் வயதில் வந்த விஷக் காய்ச்சலில் போன காது. இடது காதருகே வாயை வைத்துக் கத்தினால் மட்டும் கேட்கும். அப்படிக் கத்துவது என் வேலை.

காது கேட்காதவர்களிடம் ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் சுருக்கிவிடுவார்கள். சந்தையில் அரை நாள் பேசுவார்கள், அப்பா என்ன என்று கேட்டால் “விலை இறங்கிடுச்சு” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பஞ்சாயத்தில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள், அப்பாவிடம் மட்டும் “ஒண்ணுமில்ல, சமாதானம்” என்பார்கள். அப்பாவுக்கு அது தாங்காது. என் பக்கம் திரும்பி, “முழுசா சொல்லும்மா” என்பார். நான் முழுசாகச் சொல்வேன். அவரைப் பற்றி யாராவது கேலி பேசியிருந்தால் அதையும் சொல்வேன். எனக்குப் படிப்பு இல்லை, அழகும் ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை. எனக்கென்று பெருமைப்பட இருந்தது அந்த ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தவர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் கம்பவுண்டராக இருந்தார். எங்கள் பசு கன்று போட முடியாமல் இரண்டு நாள் கிடந்தபோது அவரைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். வேலை நடக்கும்போது அப்பா, “என்னாங்க ஆவுது?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் வழக்கம்போல, “சரியாயிடும், சரியாயிடும்” என்று கையை ஆட்டினார்கள். அவர் எழுந்து வந்து, கையெல்லாம் ரத்தமாக, அப்பாவின் காதருகே குனிந்து கத்தினார். “கன்னு உள்ளயே செத்துப்போச்சுங்க. தல திரும்பி மாட்டிக்கிச்சு. துண்டு துண்டா எடுத்தாத்தான் பசு பொழைக்கும். அதுவும் பாதி நம்பிக்கைதான்.” ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டு, “எடுங்க” என்றார். பசு பிழைத்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

அதன் பிறகு பசுவைப் பார்க்க என்று அவர் சில தடவை வந்தார். பசுவுக்கு அத்தனை தடவை வைத்தியம் தேவைப்படவில்லை என்பது எனக்கும் தெரியும், பசுவுக்கும் தெரிந்திருக்கும். அறுவடை முடிந்ததும் அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தார். அப்பா சம்மதித்துவிட்டார். அந்த அம்மா கிளம்பும்போது என் கன்னத்தைத் தடவி, “எனக்கு ஒரே பையன், பொம்பளப் புள்ள கெடையாது. நீதான் எனக்கு எல்லாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் கேள்விப்பட்டு அப்பாவின் பெரியப்பா மகன் வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் முதலில் போய் உட்காருபவர், முதலில் குற்றம் கண்டுபிடிப்பவர். வாசலிலேயே நின்றுகொண்டு, “அவங்க நம்ம சாமிய கும்பிடறவங்க. ஒரே சாமி கும்பிட்டா பங்காளி. அண்ணனுக்கா தங்கச்சிய குடுக்கப் போற?” என்று கேட்டார். அதை அப்பாவின் காதில் நான்தான் கத்த வேண்டியிருந்தது.

எங்கள் குலசாமி தளிக்குப் போகிற வழியில் காட்டோரம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கும் அதே சாமிதான் என்பது உண்மை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு காலத்தில் எங்கள் ஊரிலேயே ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்பதும் உண்மை. பிறகு அவர்கள் மத்திகிரிக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள், திருவிழாவில் பார்த்துக்கொள்வதோடு சரி. இதையெல்லாம் கம்பவுண்டரின் அம்மா மறுக்கவில்லை. அந்த அம்மா சொன்னது வேறு. தன் புருஷனுடைய தாத்தா எங்கள் வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவராம். என் கொள்ளுத்தாத்தாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மாமனார் வீட்டுச் சோறு தின்று, மாமனார் வீட்டுச் சாமியையே கும்பிட்டு, தன் சாமியை விட்டுவிட்டார். “நாங்க பங்காளி இல்லீங்க, மாமன் மச்சான். சாமியத்தான் நாங்க மாத்திக்கிட்டோம்” என்றார் அந்த அம்மா.

பெரியப்பா சிரித்தார். அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்றார். அந்த ஆள் கொள்ளுத்தாத்தாவுக்குச் சித்தப்பா மகன், தாய் தகப்பன் இல்லாமல் இந்த வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான் என்றார். அண்ணன் தம்பி வழியா, மாமன் மச்சான் வழியா? எல்லாம் அந்த ஒரு கல்யாணத்தில் நின்றது.

சாதாரணமாக இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சாவு வீட்டில் தெரிந்துவிடும். பங்காளி என்றால் மொட்டை போட்டுத் தீட்டுக் காப்பான். மாமன் மச்சான் என்றால் கோடித் துணி எடுத்து வருவான். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் செத்தபோது யார் மொட்டை போட்டார்கள், யார் கோடி போட்டார்கள் என்று கேட்டால் போதும். ஆனால் அந்தப் பெரியவர்கள் எல்லாரும் பிளேக்கில் போனவர்கள். ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக் கொட்டகைகளில் இருந்த சமயம். பிணத்தைத் தூக்கவே ஆள் இல்லை, கோடி எங்கே, மொட்டை எங்கே.

அப்பா தேட ஆரம்பித்தார். அவர் போகிற இடமெல்லாம் நானும் போனேன். என்னை விட்டால் அவருக்கு யார் கேட்டுச் சொல்வது? பெண் தன் கல்யாணத்துக்குத் தானே துப்புத் துலக்குகிறாள் என்று ஊர் வாயில் போட்டு மென்றது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் காரியம் நடக்காது என்று போய்க்கொண்டே இருந்தேன். அந்த மாதங்களில் கம்பவுண்டரின் அம்மாவை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கல்யாணம் நடந்திருந்தால் அத்தை, நடக்காவிட்டால் சித்தி. வீட்டுக்கு வந்தால் “வாங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் குலசாமி கோயிலுக்குப் போனோம். அங்கே கெடா வெட்டினால் கறியைப் பங்காளி வீடுகளுக்குப் பங்கு வைப்பார்கள். மாமன் மச்சான் வந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம், பங்கு கிடையாது. பங்கு வைக்கிற ஆளிடம் மத்திகிரி வீட்டுக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். “உண்டு. ஆனா எல்லா வீட்டுக்கும் வெச்ச பெறகு கடைசியா வெப்போம். எங்கப்பா அப்படித்தான் வெச்சாரு. ஏன்னு நான் கேக்கல” என்றார். கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு வாய் வரை வந்தது. பங்கு உண்டு என்பதைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார். கடைசியாக என்பதை அப்பா பிடித்துக்கொண்டார். கோயிலுக்குப் போவதற்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

அதற்குப் பிறகு போன வீடுகளை எல்லாம் எழுதினால் எனக்கே அலுத்துவிடும். போன இடமெல்லாம் கிழவர்கள். எல்லாரும் ஆண்கள். நிலம் எவ்வளவு, எந்தக் கிணறு யாருடையது, எந்த வாய்க்காலுக்குச் சண்டை வந்தது என்பதெல்லாம் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. திரும்பும் வழியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை நிறுத்தி அவர் காதில் கத்தினேன். “இவங்கள கேட்டு என்னா பிரயோஜனம்? உங்க பாட்டி பொறந்த வீட்ல கேளுங்க. கட்டிக் குடுத்த எடத்துல நல்லது கெட்டது நடந்தா பொம்பளைங்க பேசாம இருப்பாங்களா?”

அப்பா நின்று யோசித்தார். அவருடைய பாட்டி, என் கொள்ளுப்பாட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் அருகே ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். பிளேக்குக்குப் பிறகு போக்குவரத்து நின்றுபோனது. அந்த வீட்டில் யாராவது மிச்சம் இருப்பார்களா என்பதே தெரியாது. “நல்ல யோசனதான்” என்றார் அப்பா. அந்த யோசனை என்னுடையது. வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

மார்கழிக் குளிரில் ஓசூருக்கு வந்து, பஸ் பிடித்து, எல்லை தாண்டி, கடைசியில் நடந்து போனோம். வீடு இருந்தது. ஒரு கிழவியும் இருந்தாள். என் கொள்ளுப்பாட்டிக்கு அண்ணன் மகள். வாழாமல் சின்ன வயதிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, தம்பி பிள்ளைகளோடு காலம் தள்ளியவள். முற்றத்தில் ஊறவைத்த அவரைப் பயறைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிதுக்க ஆரம்பித்தேன். அப்பா எதிரில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொல்லி, அப்படி ஒரு கல்யாணம் நடந்ததா என்று கேட்டேன். கிழவி யோசிக்கக்கூட இல்லை. “ஹௌது, மதுவெ ஆயித்து” என்றாள். ஆமாம், கல்யாணம் ஆயிற்று. அவள் பேசியதெல்லாம் கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன். “உங்க வீட்டுப் பொண்ணத்தான் அவனுக்குக் கட்டினாங்க. வீட்டோட மாப்பிள்ளையா வெச்சுக்கிட்டாங்க. எங்கம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்து வருஷக்கணக்கா அந்தப் பேச்சே பேசுவா.”

நான் எழுந்து ஓடி அப்பாவின் காதில் கத்தினேன். “நடந்துச்சாம்பா! கல்யாணம் நடந்துச்சாம்!”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் இப்போதும் பார்க்கிறேன். தொடையைத் தட்டிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார், கிளம்புகிறவர் மாதிரி. நானும் கிளம்பியிருக்கலாம். கிழவி பயறைப் பிதுக்கியபடி பேசிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வயசானவள் பேசும்போது பாதியில் எழுந்து போனால் மரியாதை இல்லை அல்லவா.

“பாவம், அந்தப் பொண்ணு ஒரு வருஷம்கூட இருக்கல. மொதல் பிரசவத்துல தாயும் புள்ளையும் போயிட்டாங்க. அந்த ஆள் சாமியாரா போறேன்னு கெளம்பிட்டான். உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு மச்சான்னா உசுரு. தன் பொண்டாட்டியோட தங்கச்சிய பேசி அவனுக்குக் கட்டி வெச்சுட்டாரு. எங்க ரெண்டு அத்தையும் ஒரே வீட்லதான் வாழ்ந்தாங்க. கௌரி பண்டிகைக்கு ஒரே வண்டியில வருவாங்க. சின்ன அத்த கழுத்துல ரெண்டு தாலி இருக்கும். ஏன்னு கேட்டேன். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு செத்துப்போன மூத்தாளுதுன்னு சொன்னா. மத்திகிரிக்குப் போனது சின்ன அத்த புள்ளைங்க.”

என் விரலில் ஒரு பயறு இருந்தது. அதைப் பிதுக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தமிழில் இதை விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் கொள்ளுத்தாத்தாவும் அவரும் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள், சகலைகள். அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் அண்ணன் தம்பி. அந்த அண்ணன் தம்பியின் பேரப் பிள்ளைகள் நாங்கள் இருவரும். செத்தவள் வழியில் அவர் எனக்கு மாமன் மகன் முறை, பெற்றவள் வழியில் அண்ணன். நாங்கள் தேடியது கிடைத்துவிட்டது. அது பிள்ளை இல்லாமல் செத்துப்போன ஒருத்தியின் கல்யாணமாக இருந்தது.

அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். “அவங்க இன்னும் என்னமோ சொல்றாங்களே. என்னாம்மா?”

ஒண்ணுமில்லப்பா என்று கையை ஆட்டினால் போதும். ஊரே அவருக்கு அப்படித்தான் செய்தது. கிழவிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு ராஜ்யத்து எல்லை இருந்தது, அவள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள். இவ்வளவும் நான் அங்கேயே நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல், “முழுசா சொல்லும்மா” என்றார்.

நான் போய் அவர் காதருகே குனிந்தேன். பிறகு கத்தினேன். மூத்தவள் செத்ததை, தங்கச்சியைக் கட்டி வைத்ததை, இரண்டு தாலியை, எல்லாவற்றையும். கடைசியில், “அண்ணன் முறைதாம்பா!” என்று கத்தினேன். அடுத்த வீட்டிலிருந்துகூட ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் எங்களுக்குப் பயற்றுக் குழம்பும் களியும் போட்டார்கள். சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும் சொன்னார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு என்று தெரியாது. பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா.”

“எனக்குத் தெரிஞ்சிருக்குமேப்பா” என்றேன். அதை நான் கத்தவில்லை. அவருக்குக் கேட்கவும் இல்லை.

பெரியப்பா ஊரெல்லாம், “நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்ன காரணம் சுத்தப் பொய், முடிவு மட்டும் பலித்துவிட்டது. அந்த எரிச்சல் எனக்கு அவர் சாகும் வரை போகவில்லை. கம்பவுண்டரின் அம்மா வந்து அழுதார், செத்தவள் வழியைப் பிடித்துக்கொள்ளலாமே என்று வாதாடினார். அப்பா தலையை ஆட்டிவிட்டார். இரண்டு வழி இருந்தால் ரத்த வழிதான் என்று இரண்டு ஊரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டது.

அவர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, ஊர் மாடுகளுக்கு ஊசி போட வந்தார். எங்கள் பசுவுக்கும் போட்டார். அப்பாவின் காதில் ஊசியின் குணமெல்லாம் முழுசாகக் கத்தினார். “ரெண்டு நாளைக்குப் பால் கொறையும். தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பயப்பட வேணாம்னு” என்று முடித்தார். நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை முதல் தடவை சொன்னார். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார், அவர் மேல் குற்றம் இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்லிக்கொள்ளவும் அதிகமில்லை. ஆனால் அவருடைய கல்யாணம் எனக்கு முன்னால் நடந்தது. தளிப் பக்கத்துப் பெண். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த விஷயத்தைச் சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார். பிறகு சொன்னார். “எனக்குப் பொம்பளப் புள்ள இல்லன்னு உனக்குத் தெரியும். நாத்தனார் முடிச்சு போட முறைக்கு வேற ஆளு இல்ல. நீதான் இருக்குற.”

தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான், மற்ற முடிச்சுகளை அவனுடைய தங்கை போடுவாள். எங்கள் பக்கம் அது இல்லாமல் கல்யாணம் இல்லை. அப்பாவுக்கு என்ன என்று புரியவில்லை, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்து, “வரேன், சித்தி” என்றேன். மாதக்கணக்காகக் கூப்பிடாமல் வைத்திருந்த முறையை அன்றுதான் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

மணவறையில் பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. அவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். விளக்கை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் குனிந்தேன். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது, விரலில் வழுக்கியது. அந்தப் பெண் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு முடிச்சையும் கெட்டியாக இறுக்கிப் போட்டேன்.

மேளச் சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் மணவறையும் தெரிந்திருக்காது. மேளம் நின்றதும் அவருடைய குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. “என்னா ஆச்சு? முடிச்சு போட்டாச்சா?” பக்கத்தில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். அவர் மறுபடியும் கேட்டார். “யாராச்சும் சொல்லுங்களேன், போட்டாச்சா?” ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் மணவறையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அப்பாவின் இடது காதருகே குனிந்து கத்தினேன்.

“போட்டாச்சுப்பா! நான்தாம்பா போட்டேன்!”